மட்டியூர்க் கலைக்கூடத்தைக் காத்த மூவர்

மட்டியூரில் ஓடாமல் கிடந்த எண்ணெய் மில்லை ஓவியர் இளவேனில் மேடம் விலைக்கு வாங்கி, வெள்ளையடித்து, நவீனக் கலைக்கூடம் ஆக்கினார். நவீனக் கலை என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. எண்ணெய்ச் சிக்கு வாடை போனதில் எல்லாருக்கும் சந்தோஷம்.

திறந்த வாரமே அவர் சென்னைக்குப் போகவேண்டி வந்தது. கலைக்கூடத்தை உள்ளூர்க்காரர் தங்கப்பழத்திடம் ஒப்படைத்தார். தங்கப்பழத்தை நம்பி அதுவரை யாரும் எதையும் விட்டுப் போனதில்லை. அடுப்பில் பால் இருந்தால் அவர் மனைவி அவரை அந்தப் பக்கமே விடமாட்டாள். ஆகவே மேடம் பொறுப்பைக் கொடுத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் மட்டும் சொதப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். கூடமாட உதவிக்குச் சொரிமுத்துவும் கொம்பையாவும் இருந்தார்கள்.

காரில் ஏறுமுன் மேடம் கொள்கைகளைச் சொன்னார். "நம்ம கதவு யாருக்கும் மூடியிருக்கக் கூடாது. எது கலை, எது கலை இல்லைன்னு நாம தீர்ப்பு சொல்லக் கூடாது. வர்றவங்க படைப்புகளோட பேசணும். முக்கியமா, கலைஞன் வேலை செய்யும்போது யாரும் குறுக்க நிக்கக் கூடாது."

மூவரும் தலையாட்டினார்கள். கார் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தலாம் என்று மேடம் சொல்லவில்லை.

முதலில் கதவைக் கவனித்தார்கள். திறந்து வைத்தாலும் காற்றடித்தால் மூடிக்கொள்ளுமே என்று கொம்பையா கவலைப்பட்டான். கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தார்கள். திருட்டுப் போகாமல் இருக்க அதற்கு ஒரு பூட்டும் போட்டார்கள்.

அடுத்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஆவுடையப்பன் வந்தார். விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கிய பெரிய நீலப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினார். தங்கப்பழம் வழிமறித்தார். படத்தோடு ஒரு வார்த்தையும் பேசாமல் போனால் எப்படி?

"என்னத்தப் பேச?" என்றார் ஆவுடையப்பன்.

"சௌக்கியமான்னு கேளுங்க."

கேட்டார். படம் பதில் சொல்லவில்லை. மரியாதைக்காக மதியம்வரை காத்திருந்துவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

தங்கப்பழத்துக்கு மனம் ஆறவில்லை. விசாரிக்க வந்தவரை இப்படியா அனுப்புவது? அன்றிலிருந்து நீலப் படத்துக்குப் பின்னால் சொரிமுத்துவை நிறுத்தினார். மட்டியூரில் படம் பேசுகிறது என்று பொழுது சாய்வதற்குள் செய்தி பரவிவிட்டது. வேலிமேல் நின்ற முருங்கை மரத்துக்காக அடித்துக்கொண்ட இரண்டு வீட்டுக்காரர்கள் படத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

படம் யோசித்தது. "மரத்த ரெண்டு பேரும் வச்சுக்கிடுங்க. காய மட்டும் இங்க கொண்டுவந்து கொடுத்திருங்க."

இரு தரப்புக்கும் அது நியாயமாகப் பட்டது. முருங்கைக்காய் கட்டுக்கட்டாக வந்தது. தீர்ப்பு சொல்லக் கூடாது என்று மேடம் சொன்னாரே என்று கொம்பையாவுக்கு மட்டும் உறுத்தியது. தங்கப்பழம் நிதானமாக விளக்கினார். "நாம சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாவ. படம் சொல்லலாம்."

ஒருநாள், கதவில்லாத வாசல் வழியே ஓர் எருமை உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்றது. விரட்டக் கொம்பையா கம்பை எடுத்தான். தங்கப்பழம் தடுத்தார்.

"அது கலையா இருந்தா?"

"எரும அண்ணாச்சி."

"அத நீ சொல்லக் கூடாது."

படத்திடமே கேட்டார்கள். படத்துக்கும் இது சிக்கலாக இருந்தது. "அதையே கேளுங்க" என்றது. மூவரும் எருமையின் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

எருமை வாயைத் திறந்தது. சென்னைக் கலைஞர் பெனடிக்ட் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வைக்கோல் யானையின் தும்பிக்கையைக் கடித்து இழுத்தது.

தங்கப்பழத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "லே, இது கலை இல்ல. கலைஞர். வேல செய்யிறாவ. தள்ளி நில்லுங்க."

ஒதுங்கி, கைகட்டி நின்றார்கள். யானை முதலில் குதிரையாயிற்று. பிறகு கழுதை, பிறகு ஆடு. ஆடாக இருக்கும்போது ரொம்ப நன்றாயிருந்தது, அதோடு விட்டிருக்கலாம் என்று சொரிமுத்துவுக்குத் தோன்றியது. ஆனால் கலைஞரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் தரையில் கொஞ்சம் சாணம் மட்டும் இருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

மறுநாள் மேடம் பெனடிக்டையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தங்கப்பழம் ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னார். பெனடிக்ட் கயிற்றருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேடம் வெகுநேரம் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது போலும் என்று தங்கப்பழத்துக்கு மறுபடி கண் கலங்கியது.

"நான் இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு வர்றேன்," என்றார் மேடம் மெதுவாக. "அதுவரைக்கும் இங்க இருக்கற எதையும் நீங்க மூணு பேரும் தொடக் கூடாது."

அவர்கள் போனதும் மூவரும் சுவரைவிட்டு விலகி, கைகளைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார்கள். கொம்பையா குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, தரையத் தொட்டுக்கிட்டுல்லா நிக்கோம்."

தங்கப்பழம் திடுக்கிட்டார். வெளியே போகலாமென்றால் அதற்கும் தரையைத் தொட்டுத்தான் போகவேண்டும். மூவரும் குதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் தரைக்கே திரும்பி வந்தார்கள். கடைசியில் சொரிமுத்துவின் தோளில் கொம்பையா ஏறினான். கொம்பையாவின் தோளில் தங்கப்பழம் ஏறினார்.

"அண்ணாச்சி," என்றான் சொரிமுத்து அடியிலிருந்து, "நான் மட்டும் இன்னும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தங்கப்பழம் யோசித்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு ஆளால் பெயர் கெட்டுப்போகக் கூடாது. அண்ணாந்து பார்த்தார். கூரை இன்னும் உயரத்தில் இருந்தது.

"மேல எடம் கெடக்குலே. மெதுவா ஏறி வந்து என் தோள்ல உக்காந்துக்கோ."

நல்ல யோசனைதான் என்று சொரிமுத்து வலது காலைத் தூக்கினான்.