ஒரு விதையில் மூன்று முளை

சவரியம்மாளின் தோட்டத்தில் முந்நூறு ஆரஞ்சு மரங்கள் இருந்தன. வாடல் நோய் வந்த நான்கு வருடத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் போயின.

மிஞ்சியது கிணற்று மேட்டு மரம். அவள் கணவர் சூசை, கல்யாணமான வருடம் வைத்தது. சூசை இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த மரத்திலும் நுனி காயத் தொடங்கியபோது அவள் செங்கோடனைத் தேடிப் போனாள்.

செங்கோடனுக்கு முப்பத்தைந்து வயது. காட்டில் தானாக முளைத்த நாரத்தை, எலுமிச்சை வகைகளைத் தேடி அலைகிறவன். ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் வைப்பான். அந்தக் காயின் விதையைப் போட்டு, நோய் தாங்கும் புதுக் கன்று வருமா என்று பார்ப்பான். மலையில் பாதிப் பேர் அவனைக் கிறுக்கன் என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதில் சவரியம்மாள் அவனிடம் தொழில் கற்கச் சேர்ந்தாள். அவன் அவளை அக்கா என்றான். அவள் அவனைத் தம்பி என்றாள்.

பங்குனியில் அவளே ஏணியில் ஏறினாள். விரியாத மொட்டுகளைப் பிரித்து, காட்டு நாரத்தையின் மகரந்தத்தைத் தடவி, துணிப்பை கட்டினாள். பதினொரு காய்கள் நின்றன. கார்த்திகையில் பழுத்தன. தை பிறந்ததும் மரம் பட்டுப்போனது.

நாற்பது பைகளில் நாற்பது விதை போட்டாள். பல விதைகளில் ஒன்றுக்கு மூன்றாக முளை வந்தது. ஒரு வருடம் வேறு நினைப்பே இல்லாமல் தண்ணீர் ஊற்றினாள். கன்றுகள் முழ உயரத்துக்கு, கரும்பச்சையாக எழுந்து நின்றன.

ஒருநாள் காலையில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு செங்கோடனின் குடிசைக்கு ஓடினாள்.

"தம்பி, என் மரம் திரும்பி வந்துருச்சு! அதே வாசம். வந்து பாருங்க."

அவன் வந்தான். அந்தக் கன்றின் இலையைக் கசக்கி முகர்ந்தான். அடுத்த பையிலும் முகர்ந்தான்.

"ஆமாக்கா. அதே மரம்தான்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

அவன் குனிந்து அந்தக் கன்றை வேரோடு பிடுங்கினான்.

கை தவறிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவன் அடுத்ததைப் பிடுங்கினான். அதற்கடுத்ததையும். நெட்டையாக நின்றதெல்லாம் மண் உதிர உதிரத் தரையில் விழுந்தது. எட்டாவது பையில்தான் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அதே மரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதனாலதான்."

"அவர் வச்ச மரம் தம்பி அது!"

"தெரியும்."

அவள் பிடி தளரவில்லை. அவன் மறு கையால் பையைக் காட்டினான். நெட்டைக் கன்றுகள் நின்ற இடத்தில், விரல் உயரத்துக்கு ஒன்று கோணலாக நின்றது. உடம்பெல்லாம் முள். இலைக்கு அடியில் காம்பு பட்டையாக விரிந்து, இன்னொரு குட்டி இலை போல இருந்தது.

"ஒரு விதையில மூணு முளைச்சா ரெண்டு அம்மாவேதான், மறுபடியும். சில விதையில மூணுமே அம்மாதான். இது ஒண்ணுதான் பிள்ளை. காம்பைப் பாருங்க. காட்டு நாரத்தைக்குத்தான் இப்படி இருக்கும்."

"இது என்ன காய் காய்க்கும்?"

"தெரியாது."

"இனிக்குமா?"

"தெரியாது."

"எப்பக் காய்க்கும்?"

"எட்டு வருஷம். பத்தும் ஆகலாம்."

"நோய் தாங்குமா? அதையாவது சொல்லுங்க."

"அதுவும் தெரியாதுக்கா. பிடுங்கினது தாங்காதுன்னு மட்டும் தெரியும்."

அவள் கையை எடுத்தாள். அவன் மற்ற பைகளுக்குப் போனான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டான். நாற்பது பைகளில் ஒன்பதில்தான் ஏதோ மிஞ்சியிருந்தது. ஒன்பதும் நோஞ்சான்கள்.

சவரியம்மாள் தரையில் உட்கார்ந்து வாடிய கன்றுகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தாள். வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணை விட்டிருக்கலாம்ல தம்பி," என்றாள். "ஓரமா வச்சிருப்பேன். பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன்."

செங்கோடன் வாளியில் தண்ணீர் மொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"விட்டிருந்தா, நீங்க அதுக்கு மட்டும்தான்க்கா தண்ணி ஊத்துவீங்க."