எந்தச் செல்?

தேசிய அறிவியல் கழகத்தின் நூலகப் பணியாளர் தவமணி மூன்றாவது முறையாக மனுவோடு அறிஞர் அவையின் முன் வந்து நின்றாள். தலைவர் மார்த்தாண்டன் அதைப் பிரிக்கவே இல்லை.

"இந்த அவையில எல்லாத் துறைக்கும் பொதுவானதைத்தான் பேசுவோம். அப்படி ஒரு சொல் சொல்லு, படிக்கிறேன். தெரியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"செல், ஐயா."

"மின்கலம்தானே?" என்றார் இயற்பியலாளர்.

"உயிரணுவய்யா!" என்றார் உயிரியலாளர்.

"போ என்று பொருள்," என்றார் மொழியியலாளர்.

தலைவர் சட்டைப்பையிலிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்தார். "சரி, ஒத்துக்கிறேன். நீ சொன்னது எந்தச் செல்?"

"கரையானுங்க, ஐயா. நூலகத்துல துறை பார்க்காம எல்லாப் புத்தகத்தையும் தின்னுது. மனுவுல அதைத்தான் எழுதியிருக்கேன்."

தலைவர் அவசரமாக மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காமல் போட்டுவைத்த முந்தைய இரண்டு மனுக்களையும் எடுத்தார். இரண்டையும் செல் அரித்திருந்தது.