கொற்றவேலன் கட்டித் தந்த கரை

மழையை மட்டுமே நம்பி மனிதர்கள் உழுதுகொண்டிருந்த பழங்காலத்தில், கொற்றவேலன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்லவன். அதனால் வந்த வினைதான் இந்தக் கதை, கேளுங்கள்.

அவன் நாட்டில் ஆவரங்குளம் என்று ஓர் ஊர். எங்கள் ஊர்தான். ஊருக்கு ஒரே ஏரி. சித்திரை பிறந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் கூடையும் மண்வெட்டியுமாக வந்து, தூர் அள்ளிக் கரையில் கொட்டி, மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வார்கள். ஆனாலும் ஒரு வருஷம் தவறியதில்லை.

ஒரு சித்திரையில் அந்தப் பக்கம் வந்த அரசன், வெயிலில் மண் சுமந்தவர்களைப் பார்த்து மனம் இளகிப்போனான். இனிமேல் ஏரி தன் பொறுப்பு என்று அறிவித்தான். ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஆட்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். மாதேவன் என்ற கல்தச்சன் அரசன் அனுப்பிய ஆட்களோடு வந்து, கரையை உயர்த்திக் கல் பதித்துவிட்டுப் போனான்.

மூன்றாம் வருஷம் ஏரி நிரம்பியது. நெல் பால் பிடிக்கிற நேரம், கரையில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்தது. ஒரு விரல் நுழையும் அளவுதான். புல் அறுக்கப் போனவள் பார்த்தாள். அரசனின் ஆட்கள் வந்து அடைப்பார்கள் என்று போய்விட்டாள். ஆடு மேய்த்தவன் பார்த்தான். அவனும் அப்படியே நினைத்துப் போய்விட்டான். மதகைத் திறந்து மூடுவதே தொழிலாக இருந்த நீர்க்கட்டி காடனும் பார்த்தான். அவனும் போய்விட்டான்.

நான்காம் நாள் கரை உடைந்தது. ஊரின் அந்த வருஷச் சோறு முழுக்க மணலுக்கு அடியில் போயிற்று.

அரசன் கொதித்துப்போய் வந்தான். மாதேவனை இழுத்துவரச் செய்து, கரை கட்டிய கையை வெட்டும்படி சொன்னான். மாதேவன் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

வெட்டுமுன் சாட்சிக்காக, கரையில் பழுதைக் கண்டவர் உண்டா என்று அரசன் ஊரைக் கேட்டான். ஊர் தரையைப் பார்த்தது. மறுபடி கேட்டான். அப்போதும் தரையைத்தான் பார்த்தது. சொல்லவே கூசுகிறது. குற்றம் செய்யாதவனின் கை போகிறது, எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் முறை கேட்டபோது காடன் முன்னால் வந்தான்.

"சாமி, நான் பார்த்தேன். ஒரு கை களிமண் வச்சிருந்தா அடைஞ்சிருக்கும். முன்னே எல்லாம் கண்டவுடனே வைப்பேன். இது உங்க கரையாச்சேன்னு வந்துட்டேன்."

அரசனின் முகம் சிறுத்துப்போயிற்று. நீட்டியிருந்த மாதேவனின் கையைத் தானே பிடித்து இறக்கிவிட்டான். கொடுத்ததாக நினைத்து ஊரின் ஏரியைப் பிடுங்கிவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"வேறு யாரெல்லாம் பார்த்தீர்கள்?"

புல் அறுத்தவள் மெல்லக் கையைத் தூக்கினாள். அடுத்து ஆடு மேய்த்தவன். அப்புறம் ஒவ்வொருவராக, ஊர் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றது.

ஊரைக் கேட்காமலும் ஊரின் கை படாமலும் செய்து தருகிற நன்மை, ஊரார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிந்துபோகும்.