கைநழுவிய விரால்

அடைக்கலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. மாயழகிக்கு நாற்பதுதான் இருக்கும். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். கண்மாய்க்கரையில் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோர் ஊற்றுவாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். ஊரில் எல்லோரிடமும் குறை காணும் அடைக்கலத்துக்கு அவளிடம் மட்டும் ஒரு குறையும் அகப்படவில்லை. தேடிப் பார்த்தும் அகப்படவில்லை.

அன்றைக்கு மோரைக்கூட வாங்காமல் கேட்டார்.

"தாயி, ஊரை ஒண்ணு சேர்க்க என்ன வழி?"

"ஏண்ணே, என்ன ஆச்சு?"

நடந்ததைக் கொட்டினார். மழை இப்போதெல்லாம் முன்போல் பெய்வதில்லை. மாதக்கணக்கில் காயவிட்டு, ஒரே நாளில் ஊற்றித் தீர்க்கிறது. போன வருஷம் அப்படி ஊற்றியதில் கால்வாசிகூடக் கண்மாய்க்கு வரவில்லை. வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்க, வெள்ளம் ரோட்டைத் தாண்டி ஓடைக்குப் போய்விட்டது. இந்த வருஷமும் விட்டுவிட்டால் அடைக்கலத்தின் வயல் தரிசுதான்.

கருவேலை வெட்டிக் கால்வாயைத் திறக்கத்தான் ஒரு குழு ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாத்தியார் 'பருவநிலை மாற்றத் தடுப்புக் குழு' என்று பெயர் வைத்துக் கொடுத்தார். அடைக்கலத்தின் வாயில் அது நுழையவில்லை. இருந்தாலும் பிளெக்ஸ் அடித்தார். மைக்செட், டீ, உளுந்த வடை எல்லாம் ஏற்பாடு. கூட்டத்துக்கு வந்தது வாத்தியாரும் மைக்செட்காரனும்தான். வடை முழுவதையும் மைக்செட்காரனே தின்று தீர்த்தான். அடைக்கலம் அதையும் மனசில் வைத்திருந்தார்.

"எல்லாரையும் கூப்பிட்டீங்களா?"

"வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன் தாயி."

"சோணையை?"

அடைக்கலம் மோர்ப்பானையைப் பார்த்தார்.

சோணை மேலத்தெருக்காரர், முறைக்கு மச்சான். எப்போதோ ஒரு மீன்பிடித் திருவிழாவில், அடைக்கலம் பிடித்த விராலை 'என்னுது' என்று ஊர் முன்னால் பிடுங்கிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து அடைக்கலம் விரால் தொடுவதில்லை, சோணையோடு பேசுவதுமில்லை. சோணையைக் கூப்பிடாததால் மேலத்தெரு வரவில்லை. கால்வாயில் பாதி மேலத்தெருக்காரர்களின் புன்செய்க் காட்டு வழியாக வருகிறது. அவர்கள் இல்லாமல் எதை வெட்டுவது என்று மற்றவர்களும் வரவில்லை.

"அவன் என் மீனைத் தின்னவன் தாயி."

"ருசியா இருந்துச்சாமா?"

அடைக்கலம் முறைத்தார். குருவை முறைக்கலாமா என்று பிறகுதான் தோன்றியது.

"நாளைக்கு மீன்பிடித் திருவிழா. ஊத்தாவை எடுத்துக்கிட்டு வாங்கண்ணே" என்றாள்.

ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் குத்தி அமுக்கி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனை எடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். ஒரே கூச்சல். ஊர் மொத்தமும் கண்மாய்க்குள் பாய்ந்தது.

"நீங்க கீழ்க்கோடிக்குப் போங்கண்ணே. அங்க யாரும் இல்லை. உங்க மீனை யாரும் பறிக்க மாட்டாங்க" என்றாள் மாயழகி.

அடைக்கலத்துக்கு அது பிடித்திருந்தது. தனியாகப் போய் நின்றார். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. குத்தினார், கைவிட்டார், ஒன்றுமில்லை. நகர்ந்து குத்தினார். ஒரு தவளை வந்தது. நடுக் கண்மாயிலோ கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"தாயி, இங்க மீனே இல்லை!"

"மீன் இருக்குண்ணே. கால்தான் பத்தலை."

அடைக்கலம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்தார். அங்கே அத்தனை பேர் கால் மிதித்துத் தண்ணீர் குழம்பாகக் கலங்கி, மூச்சு முட்டிய மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் சோணை.

"என்ன மச்சான், கரையோரமாக் குளிச்சு முடிச்சாச்சா?"

"கண்மாய் வத்தினாலும் உன் வாய் வத்தாதுடா."

பல வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். சொன்ன பிறகுதான் பேசிவிட்டோம் என்று தெரிந்தது. அதற்குள் ஊத்தாவுக்குள் மடார் என்று ஒரு முட்டு. கைவிட்டார். விரால்! முழங்கை நீளம். வழுக்கிக்கொண்டு ஊத்தாவின் அடியில் புகுந்து சோணையின் காலில் மோதியது. சோணை அதன்மேல் விழுந்தார், சோணைமேல் அடைக்கலம் விழுந்தார். எழுந்தபோது தலை ஒருவர் கையில், வால் ஒருவர் கையில்.

"என் ஊத்தாவுல விழுந்தது!"

"என் காலுல முட்டினது!"

"தாயி, நீங்களே சொல்லுங்க, இது யார் மீன்?"

கரையிலிருந்து மாயழகி கேட்டாள். "தண்ணியைக் கலக்கினது யாருண்ணே?"

அடைக்கலம் சுற்றிலும் பார்த்தார். நாலு தெருச் சனமும் முழங்கால் சேற்றில் நின்று இவர்களை வேடிக்கை பார்த்தது. வடை தின்ற மைக்செட்காரன்கூட நின்றான்.

"டேய் சோணை, ஞாயித்துக்கிழமை வரத்துக் கால்வாயை வெட்டுறோம். வந்து தொலை."

"இத்தனை வருஷம் கூப்பிடாதவன், மீன் தலையைப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிடுறான் பாரு!"

"வர்றியா, இல்லையா?"

"வடை உண்டா?"

கண்மாய் முழுக்கச் சிரிப்பு. அடைக்கலத்துக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் இருவர் பிடியும் தளர, விரால் ஒரு துள்ளு துள்ளிச் சேற்றுக்குள் மறைந்தது. இருவரும் தேடித் துழாவினார்கள். கிடைக்கவில்லை.

"மேலத்தெருக்காரங்களா, ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு அரிவாளோட வந்துடுங்கடா!" என்று சோணை போட்ட சத்தத்துக்கு மைக்செட் தேவைப்படவில்லை.

அடைக்கலம் தலை முதல் கால்வரை சேறாகக் கரையேறி, மாயழகியிடம் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"மீன் போயிடுச்சே தாயி."

மாயழகி மோரை நீட்டினாள்.

"எங்கண்ணே போகும்? கண்மாய் காய்ஞ்சாலும் விரால் சேத்துக்குள்ள புதைஞ்சு மழைக்குக் காத்துக் கிடக்கும். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் தண்ணி கொண்டாந்துடுங்க."