அட்டை மூக்கு வைத்த கார்

தாணுமாலயன் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். ஊர் தோவாளை. அறுபத்தைந்து வயதில் சிஷ்யராகச் சேர்ந்தார். குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் ஜெமிலா, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவள்.

மாஸ்டரின் மனைவி பகவதிக்கு வாரம் இருமுறை திருநெல்வேலியில் டயாலிசிஸ். பழைய மின்சாரக் காரில்தான் போய்வருவார்கள். போன மாதம் திரும்பி வரும்போது பணகுடியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஊசி குத்திய கையோடு அந்த அம்மாள் வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை.

"காத்து காரைப் பிடிச்சு இழுக்கு. அதைக் குறைக்க வழி சொல்லு ஆசானே."

ஜெமிலா சோதிக்கும் முறையை மட்டும் சொன்னாள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வேப்பமரத்தடியில் நியூட்ரல் போட வேண்டும். கார் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு.

மாஸ்டர் முற்றத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டினார். காருக்கு மூக்கு வைத்தார், சக்கரங்களுக்கு மூடி போட்டார், பின்னால் ஒரு வாலும் ஒட்டினார். தெருவே சிரித்தது. தினமும் வீட்டிலிருந்து கிழக்கே ஓட்டிப் பார்த்தார். ஆனி மாதம், மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. கோடும் தள்ளித் தள்ளிப் போனது.

பத்தாம் நாள் ஜெமிலாவைக் கூட்டிவந்து காட்டினார். "எண்பது அடி கூடியிருக்கு. எல்லாம் அட்டை செஞ்ச வேலை. நாளைக்கு வழியில சார்ஜ் போடாமலே அவளைக் கூட்டிட்டு வந்திருவேன்."

"வரும்போது எந்தப் பக்கமா வருவிய?"

"கிழக்கேருந்து."

"அப்படி ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

மாஸ்டர் காரைத் திருப்பி, அதே வேகத்தில் மேற்கே வந்து நியூட்ரலில் விட்டார். முதல் நாள் ஓடிய தூரத்தில் பாதிகூட ஓடவில்லை. கார் நின்றுவிட்டது.

மாஸ்டர் கோடு போடவில்லை. சாக்பீஸைச் சட்டைப் பையில் வைத்தார்.

"இதைக் கணக்குல சேக்கப்பிடாது. காத்துல்லா எதுத்துத் தள்ளுது."

"போவும்போதும் காத்துதான் தள்ளிச்சு, அண்ணாச்சி. அப்ப நீங்க அட்டைன்னு சொன்னிய."