ஆறு சுற்றுப் பொடிச்சி

மன்னார் வளைகுடாவில், ஆள் குடியேறாத ஒரு தீவின் ஓரத்தில், ஒரு பாறைக் குட்டை இருந்தது. கடல் ஏறினால் குட்டை நிறையும். கடல் வற்றினால் பாறை அடுப்பாய்க் காயும். அப்போது பாறைக்கு அடியில் உள்ள பொந்துகளில் மட்டும்தான் ஈரம் நிற்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் முட்டையிட ஒரு பொந்து. இன்ன இனம் என்று தெரியாதவருக்குப் பொந்து கிடையாது.

யார் எந்த இனம் என்று சொல்லும் பொறுப்பு ஒரு துறவி நண்டிடம் இருந்தது. செத்த சங்குகளின் ஓட்டில் குடியிருப்பவர் அவர். பெயர்தான் துறவி, வீட்டாசை மட்டும் விட்டபாடில்லை. எட்டு வீடு மாறியவர் என்பதால் அவரை எல்லோரும் எட்டுவீட்டார் என்றே அழைத்தார்கள். அடுத்து மாறுவதற்கென்று இரண்டு காலி ஓடுகளையும் தன் பொந்தில் பதுக்கி வைத்திருந்தார்.

"ஓடுகளை உள்ளேயிருந்து பார்த்தவன் நான்! எனக்குத் தெரியாத சங்கு உண்டா?" என்று பீற்றிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் பாசிக்குள்ளிருந்து ஒரு நத்தை ஊர்ந்து வந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதன் பெயர் பொடிச்சி.

"ஐயா, முட்டையிடுற நேரம் வந்துருச்சு. எனக்கு ஒரு பொந்து வேணும்!"

எட்டுவீட்டார் சிரித்தேவிட்டார். "முட்டையா? நீயே நேத்துதான் முட்டையிலிருந்து வந்திருப்பே!"

"இல்லைங்கய்யா. நான் வளர்ந்தவ. எங்க ஆளுங்க எல்லாருமே இந்த அளவுதான்."

"இரு, பார்த்துச் சொல்றேன்" என்று எட்டுவீட்டார் தன் கொடுக்கின் நுனியை அதன் ஓட்டு வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார். சொந்தக்காரி உள்ளே இருக்கும்போதே! பொடிச்சி சட்டென்று ஓட்டுக்குள் ஆழமாகச் சுருண்டுகொண்டது. கொடுக்கு நுழையவில்லை. அவருடைய ஆராய்ச்சியும் அத்தோடு முடிந்தது.

"கொடுக்கே போகலையே, இதெல்லாம் ஒரு வீடா? நீ முறுக்குச் சங்கோட குஞ்சு! போய் வளர்ந்துட்டு வா!"

முறுக்குச் சங்கு அழைத்து வரப்பட்டாள். ஒரு கைப்பிடி அளவு இருப்பாள். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டவள், ஒரு பிள்ளையின் முகமும் நினைவில்லை.

"இது உன் பிள்ளையா?"

"இருக்கும், இருக்கும்! யாரு கண்டா? வா கண்ணு! ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?"

"அம்மா, நான் உங்க பிள்ளை இல்லை!"

"கோபம் வந்தா எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் சொல்லும்!"

பொடிச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடல் வற்றத் தொடங்கிவிட்டது. வெயில் ஏறினால் திறந்த பாறையில் இட்ட முட்டை ஒன்றுகூடத் தேறாது.

பக்கத்தில் பாசி கொறித்துக்கொண்டிருந்த கண்ணாடி இறால் இதையெல்லாம் கேட்டது. அதன் மீசை உடம்பைவிட நீளம்.

"எட்டுவீட்டாரே! ஒண்ணே ஒண்ணைப் பார்த்துட்டு ஓர் இனத்தைச் சொல்லலாமா? பொடிச்சி, உன் ஆளுங்களைக் கூப்பிடு!"

பாசிக்குள்ளிருந்து பதினோரு நத்தைகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு. அதே அளவில் முறுக்குச் சங்கின் குஞ்சு ஒன்றையும் இறால் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்தது.

"இந்தக் குஞ்சோட ஓட்டு வாயைத் தொட்டுப் பாருங்க!"

"மெலிசா இருக்கு. ஓடு இன்னும் வளரணும், அதான்."

"இப்போ பொடிச்சியோட வாயை. மெதுவா!"

"அட! விளிம்பு தடிச்சுப் போயிருக்கே!"

"வளர்ந்து முடிச்சவங்களுக்குத்தானே அப்படித் தடிக்கும்? சரி, ஓட்டுல சுற்றை எண்ணுங்க!"

எட்டுவீட்டார் எண்ணினார். குஞ்சுக்கு இரண்டு சுற்று. பொடிச்சிக்கு ஆறு! நம்பாமல் மறுபடியும் எண்ணினார். ஆறேதான். மற்றப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக எண்ணினார். எல்லோருக்கும் ஆறு, சுற்றுக்குச் சுற்று ஒரு சிவப்பு வரி.

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. எட்டு வீட்டில் குடியிருந்தும் ஒரு வீட்டுக்கு எத்தனை சுற்று என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. தன் வயிறு கொள்ளுமா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்.

"தப்பு என்னோடதுதான்! இது குஞ்சு இல்லை. இதுவரைக்கும் நாம பேரே வைக்காத இனம்!" என்றார். சொன்ன கையோடு அவர் முகம் மலர்ந்தது. "அப்போ பேரு வைக்கணுமே! 'எட்டுவீட்டார் நத்தை'! எப்படி?"

"தன் பேரைத் தானே வைக்கிறதா? குட்டையே சிரிக்கும்! அவ உடம்புல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க!" என்றது இறால்.

எட்டுவீட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, குட்டை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்: "என் கண்ணளவு உருவம். ஆறு சுற்று. சுற்றுக்கொரு சிவப்பு வரி. தடித்த வாய் விளிம்பு. வாழ்வது பாசிக்குள். பெயர், செவ்வரி நத்தை!"

குட்டையில் ஒரே ஆரவாரம்! ஆனால் பொடிச்சி மட்டும் கேட்டது: "பேரு கிடைச்சிருச்சு ஐயா. பொந்து?"

எல்லாப் பொந்துகளும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. எட்டுவீட்டார் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு தன் பொந்துக்குப் போய், பதுக்கி வைத்திருந்த இரண்டு ஓடுகளையும் வெளியே உருட்டிவிட்டார்.

"உள்ளே போ தாயி!"

அன்று நண்பகலில் பாறை கொதித்தது. எட்டுவீட்டார் தன் ஓட்டோடு பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே ஈரம் காயவில்லை.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. கண்ணுக்கே தெரியாத குஞ்சுகள்! முறுக்குச் சங்கு ஓடோடி வந்து பார்த்தாள்.

"அடடா! எல்லாம் அப்படியே என் சாயல்!"

இந்த முறை பொடிச்சி மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே அவளுக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டது.

உருவத்தை மட்டும் அளந்து ஒருவரை இன்னார் என்று முடிவு கட்டாதே. பொறுமையாக அருகில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்.