பொன்னேசம் சுட்ட அப்பம்

மூப்பர் துரைசிங் தொண்டையைச் செருமினாலே சபை நடுங்கும். அந்த ஞாயிறு, சபையார் எல்லாரும் அப்பமும் ரசமும் எடுத்த திருவிருந்து முடிந்ததும் அவர் சபை ஒழுங்குச் சட்டத்தை விரிக்க, பொன்னேசம் எழுந்து முன்னால் வந்தாள். சபையை விட்டு விலக்கிவிட்டால், செத்தாலும் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடைக்காது.

"சபை விலக்கிவச்ச உன் தம்பிக்கு வெள்ளிக்கிழமை கஞ்சி ஊத்தினியா?"

"பசியோட வந்தான், ஊத்தினேன் ஐயா."

மூப்பர் முழங்கினார்: "விலக்கப்பட்டவனுக்குச் சோறு போட்டவரும் அன்றே விலக்கு. அவர் கையால் உண்டவரும் விலக்கு. யாருக்கும் சலுகை இல்லை!"

பொன்னேசம் கும்பிட்டாள். ஆனாலும் சொன்னாள்: "இப்ப நீங்க எல்லாரும் சாப்பிட்ட அப்பத்தை, வழக்கம்போல நேத்து நான்தானே ஐயா சுட்டேன்?"

மூப்பரின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"திருவிருந்து எடுக்காத தொட்டில் பிள்ளைங்கதான் இனி சபை. தீர்ப்பை அதுங்க சொல்லட்டும் ஐயா."